இந்த வயதில் இப்படி ஒரு கார்

வண்டி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. 4,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் கடற்கரைச் சாலையில் கூட நடக்கும் நண்பர்கள், "ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் யாரும் கார் வாங்கப் போவதில்லை. எழுபத்து நாலு வயதில் ஒருவன் போயும் போயும் இந்த மாதிரி வண்டியை ஏன் வாங்கினான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கார், ஃபோக்ஸ்வாகன் விர்டஸ். 2022 ஜூனில் இந்தியாவில் அறிமுகமானது. புனே பக்கத்தில் சாக்கனில் செய்கிறார்கள். இரண்டு எஞ்சின்களில் வருகிறது. பெரியது ஒன்றரை லிட்டர், 150 குதிரைத்திறன். அது உண்மையிலேயே பறக்கிறவர்களுக்கானது. நான் எடுத்தது சிறியது: ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, 115 குதிரைத்திறன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். நடு வரிசை மாடல், வெள்ளி நிறம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ண அட்டையில் 'குர்குமா' என்று ஒரு மஞ்சள் இருந்தது. பிரெஞ்சில் படித்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சில் குர்குமா என்றால் நம் சமையல் மஞ்சள்தான். மஞ்சள் மங்கலம், அதையே எடுக்கலாமே என்றேன். "ஆட்டோ மாதிரி இருக்கும், சும்மா இருங்க" என்று என் மனைவி முடித்துவிட்டாள். பெயருக்கும் விளக்கம் கேட்டாள். லத்தீனில் விர்டஸ் என்றால் ஆண்மை, வீரம். பிரெஞ்சுக்காரன் அதிலிருந்துதான் 'வெர்த்து' என்று நற்குணத்துக்குச் சொல் செய்துகொண்டான் என்றேன். "ரெண்டுல எது வருதுன்னு ஓட்டும்போது பாப்போம்" என்றாள்.

ஷோரூமில் இருந்த பையன் நல்ல மாதிரி. "பையனுக்கா சார்?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற உயரமான வண்டியைக் காட்டினான். "பெரியவங்க எல்லாம் இதத்தான் சார் கேக்கறாங்க. ஏறி இறங்க ஈசி. அது யூத் கார்." பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மகனும் தொலைபேசியில் அதையேதான் சொன்னான். இன்று யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தெருவில் நின்று எண்ணிப் பாருங்கள், புதிதாக வருவதில் பாதிக்கு மேல் உயரமான வண்டிகள்தான்.

அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் எனக்கு வேறு கணக்கு இருந்தது.

என் மனைவியின் அக்கா காரைக்காலில் இருக்கிறார். 82 வயது. பிள்ளைகள் இல்லை, கணவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. விழித்திரையில் கோளாறு. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதம் ஒரு முறை, தவறாமல். ஊசி தள்ளிப்போனால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக நடுவிலிருந்து அழிந்துகொண்டு வரும், போனது திரும்பாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஊசி போடுவது புதுச்சேரியில். காரைக்காலும் புதுச்சேரியும் ஒரே ஆட்சிப்பகுதி என்றாலும் நடுவில் தமிழ்நாட்டின் இரண்டு மாவட்டங்கள்; ஏறக்குறைய 135 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் தாண்டி சீர்காழி, பிறகு தரங்கம்பாடி வழியாகப் போக வேண்டும். நாங்கள் போய் அவரை அழைத்து வருகிறோம், மூன்று நாள் எங்கள் வீட்டில் இருப்பார், மறுபடி கொண்டுபோய் விடுகிறோம். ஒரு ஊசிக்கு 540 கிலோமீட்டர். அவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டதால் சக்கர நாற்காலியும் கூடவே வரும்.

இரண்டு தடவை உயரமான வாடகை வண்டி எடுத்துப் பார்த்தோம். ஏறுவதற்கு வசதியாகத்தான் இருந்தது. சிதம்பரம் வருவதற்குள் என் மனைவி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அக்கா வாய் திறக்கவில்லை, ஆனால் மேலே உள்ள கைப்பிடியை விட்ட பாடில்லை. ஓட்டுநர் மோசமாக ஓட்டினார் என்று சொல்ல முடியாது. உயரமான வண்டி வளைவில் சாயும், பிரேக் போட்டால் மூக்கைக் குத்தும், விட்டால் நிமிரும். எடை மேலே இருக்கிறது, அதற்கு அது என்ன செய்யும்? வயதானவர்களின் வயிறும் காதும் அந்த ஆட்டத்தைத் தாங்குவதில்லை.

ஆகவே நான் சோதனை ஓட்டத்துக்குப் போனபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மனைவியைப் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். பையன் முதலில் தானே ஓட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுப் பக்கம் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினான். முதுகு சீட்டில் போய் ஒட்டியது. "எப்படி சார் பிக்கப்பு?" என்றான். நல்லது தம்பி, இப்போது நான் ஓட்டுகிறேன் என்று வாங்கி, வேண்டுமென்றே வளைவும் திருப்பமும் வேகத்தடையும் உள்ள ஊர்த் தெருக்களில் விட்டேன். வேகத்தடையில் அடி தட்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் உயரம் வைத்திருக்கிறார்கள், இதுவரை தட்டவில்லை. திரும்பி வந்ததும் மனைவி இறங்கி, "தல சுத்தல" என்றாள். அதற்கு மேல் எனக்கு எந்த விவரப் பட்டியலும் தேவைப்படவில்லை.

விளையாட்டுத்தனமான கார் என்று இதை எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. என் ஆசிரியர்கள் காலத்து பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, 'நெர்வெஸ்': நரம்பில் முறுக்குள்ள வண்டி, தொட்டால் துள்ளும். இன்னொன்று 'தெனு த ரூத்': சாலையைப் பிடித்திருத்தல். கார் பத்திரிகைகளில் முதலில் இந்த இரண்டைத்தான் பார்ப்பார்கள். முதலாவது இளைஞர்களுக்கு, இரண்டாவது குடும்பஸ்தருக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த ஐந்து மாதத்தில் எனக்குத் தெரிந்தது, கிழவனுக்கு இரண்டும் வேண்டும்.

முதலில் சாலையைப் பிடிப்பது. வண்டி தாழ்வாக இருக்கிறது, ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு. வளைவில் திருப்பினால் உடம்பு சாய்வதில்லை. வண்டி மொத்தமாகத் திரும்புகிறது. ஸ்டீரிங்கை ஒரு அங்குலம் திருப்பினால் ஒரு அங்குலத்துக்கு உரியதைச் செய்கிறது, கேட்காததைச் செய்வதில்லை. பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது போலும், அதனால்தான் குமட்டல் இல்லை. இந்த விறைப்புக்கு விலையும் உண்டு. சின்னச் சின்னப் பள்ளம் உள்ள தெருவில் மெதுவாகப் போனால் ஒவ்வொன்றையும் எண்ணிச் சொல்லும். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

அடுத்தது முறுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர்கள் சிரித்தது இதற்குத்தான்.

சிதம்பரம் சாலையில் நான்கு வழி இன்னும் முழுவதும் ஆகவில்லை. பகுதி பகுதியாகத் திறந்திருக்கிறது. மற்ற இடங்களில் பழைய இருவழிச் சாலைதான். முன்னால் ஒரு பேருந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் கொஞ்சம் இடைவெளி, அதன் நீளம், தாண்டியபின் உள்ளே வர கொஞ்சம் இடைவெளி, எல்லாம் சேர்த்து அதைவிட 50 மீட்டர் அதிகமாக நாம் ஓட வேண்டும். பேருந்தைவிட 20 கிலோமீட்டர் வேகம் கூட வைத்தால் இதற்கு 9 விநாடி. அந்த 9 விநாடியில் நம் வண்டி 175 மீட்டர் போகிறது. எதிரே 80 கிலோமீட்டரில் வருகிறவன் அதே நேரத்தில் 200 மீட்டர் வருகிறான். ஆகக் கிளம்பும்போது முன்னால் 375 மீட்டர் வெற்றுச் சாலை வேண்டும். இதையே 30 கிலோமீட்டர் கூட வைத்தால் 6 விநாடியில் முடிகிறது. நாம் 133, அவன் 133. 266 மீட்டர் போதும். மூன்று விநாடியும் நூறு மீட்டரும் மிச்சம். முப்பத்தைந்து வருடம் கோப்பில் கூட்டிக் கழித்தவனுக்கு இந்தக் கணக்கு போடாமல் தூக்கம் வராது.

என் பழைய கார் 2012 மாடல் டிசையர், பெட்ரோல். நல்ல வண்டி, பதின்மூன்று வருடம் உழைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன் முறுக்கு விசை 114 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் 4,000 சுற்று சுற்றினால்தான் கிடைக்கும். பேருந்தைத் தாண்ட வேண்டுமானால் கியரைக் குறைத்து, எஞ்சினை அலறவிட்டு, கிளட்ச்சில் இடது முழங்காலை வருத்தி, அதற்குள் எதிரே ஒருவன் வந்துவிடுவான். புதியதில் 178. டர்போ என்றால் வேறொன்றுமில்லை, வெளியே போகும் புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிறது. அதனால் 1,750 சுற்றிலேயே முழு இழுப்பும் வந்துவிடுகிறது. பெடலை அழுத்தினால் ஒரு மூச்சு விடும் நேரம் யோசிக்கும், பிறகு இழுக்கும். அந்த ஒரு மூச்சைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஓட்டப் பழக வேண்டும். அவ்வளவுதான்.

எழுபத்து நாலில் கண் முன்போல இல்லை, கழுத்து முன்போலத் திரும்புவதில்லை, ஒன்றைப் பார்த்து முடிவெடுக்க இருபது வயதுக்காரனைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இது எனக்குத் தெரியும். அந்தக் கூடுதல் நேரத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும் இல்லையா? வண்டியிடமிருந்து எடுக்கிறேன். நிதானமாகப் பார்த்து, நிச்சயமானபின் தாண்டுகிறேன். தாண்டுவதை அது சீக்கிரம் முடித்துவிடுகிறது. நூறைத் தாண்டி ஒருநாளும் ஓட்டியதில்லை. கடலூர் தாண்டிய ஒரு நல்ல சாலையில் 80-இல் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, வர்றவன் எல்லாம் நம்மளத் தாண்டிப் போறான், புது வண்டின்னீங்க, இது ஓடாதா?"

பாதுகாப்பைப் பற்றி மகன் அனுப்பிய காகிதங்களையும் படித்தேன். 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. ஆறு காற்றுப்பைகள். வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் ஏற்பாடும் உண்டு. பின்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் இல்லை, டிரம் பிரேக். இந்த விலைக்கு டிஸ்க்கே வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. நிறுத்துவதில் இதுவரை ஒரு குறையும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்சீட்டில் பெல்ட் போடாமல் வண்டி கிளம்பாது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறேன். அக்காவுக்குப் பெல்ட் கழுத்தில் உரசாமல் இருக்க ஒரு சின்னத் துண்டைச் சுற்றி வைக்கிறோம்.

இப்போது ஏறி இறங்கும் சங்கதி. எந்த செடானும் தாழ்வுதான். அதில் உட்காரும்போது விழுகிற மாதிரி இருக்கும், எழும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். அக்காவுக்குப் பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பை உள்ளே வைத்து உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட்டின் மேல் வழுவழுப்பான துணி ஒன்றைப் போட்டுவிட்டால் திரும்புவது சுலபம். பழைய பட்டுப் புடவைத் துண்டு அதற்கென்றே வண்டியில் இருக்கிறது. இறங்கும்போது அதே வரிசை தலைகீழாக. முதல் தடவை ஐந்து நிமிடம் ஆனது, இப்போது ஒரு நிமிடம். உயரமான வண்டியில் ஏறுவது சுலபமாக இருந்தது உண்மை. ஆனால் ஏறுவது ஒரு நிமிடம், உட்கார்ந்து வருவது மூன்று மணி நேரம்.

டிக்கியைப் பற்றி எழுதாவிட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். 521 லிட்டர். மடித்த சக்கர நாற்காலி படுத்த வாக்கில் உள்ளே போய், அதன் பக்கத்தில் இரண்டு பெட்டியும், காரைக்காலிலிருந்து வரும் கருவாட்டுப் பொட்டலமும் (பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கமாக மூடி) உட்காருகின்றன. பழைய டிசையரில் 316 லிட்டர். நாற்காலியை வைத்தால் மற்றதெல்லாம் மடியில். அந்த வண்டியின் வால் ஏன் அப்படி நறுக்கியதுபோல் இருந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு, வரிக் கதை. 2006 மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்ன எஞ்சின் கார்களுக்குக் கலால் வரியை 24-லிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதற்குள் அடங்க வேண்டுமென்று 2012-இல் வந்த டிசையரை 3,995 மில்லிமீட்டராகச் சுருக்கினார்கள். ஒரு அரசாணையின் ஒரு வரி, லட்சக்கணக்கான வண்டிகளின் பின்பக்கத்தை வெட்டிவிட்டது. என் புது வண்டி 4,561 மில்லிமீட்டர். அந்தச் சலுகை இதற்குக் கிடையாது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதிக்கு முன்பு வாங்கியிருந்தால் ஜிஎஸ்டியும் மேல்வரியும் சேர்ந்து 45 விழுக்காடு. நான் அக்டோபரில் வாங்கினேன், 40. ஓய்வூதியக்காரனுக்கு அந்த ஐந்து விழுக்காடு பெரிய பணம். செப்டம்பர் முதல் வாரத்தில் அறிவிப்பு வந்ததும் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவைத்துவிட்டேன்; ஷோரூம் பையன் தினமும் கூப்பிட்டான், நான் அசையவில்லை. விலை ரூபாய் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய வண்டியைக் கொடுத்து, முதிர்ந்த வைப்புத்தொகை ஒன்றையும் உடைத்தேன். மகன் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன்.

பின்சீட்டில் இரண்டு பேர் ராஜா மாதிரி வரலாம். மூன்றாவது ஆள் குழந்தையாக இருந்தால் நல்லது. கால் நீட்ட நல்ல இடம், பின்னாலும் ஏசி காற்று வருகிறது.

பழகிக்கொள்ள வேண்டியவையும் இருந்தன. ஐரோப்பிய வழக்கப்படி இண்டிகேட்டர் இடது பக்கம், வைப்பர் வலது பக்கம். முப்பது வருடம் வலக்கை செய்த வேலையை இடக்கைக்கு மாற்ற ஒரு வாரம், வீட்டு வாசலில் நிறுத்திவைத்தே பழகினேன். இப்போது வரும் கார்களில் பொதுவாகவே குமிழ்களை எடுத்துவிட்டுக் கண்ணாடிப் பரப்பைத் தடவச் சொல்கிறார்கள். குமிழைப் பார்க்காமலே திருப்பலாம். கண்ணாடியைப் பார்த்துத்தான் தொட வேண்டும். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காதே என்று ஒருபக்கம் சொல்லிவிட்டு இதையும் செய்தால் எப்படி? எங்கள் வண்டியில் குளிரைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் பக்கத்தில் உட்காரும் மனைவியின் இலாகா.

மைலேஜ்: ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் நோட்டில் எழுதுகிறேன். ஊருக்குள் லிட்டருக்கு 10, 11. காரைக்கால் சாலையில் 16 முதல் 17. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதுதான் என்று கையேட்டில் இருக்கிறது, ஆகவே அந்தக் கவலை இல்லை. மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது லேசான துடிப்பு தெரியும், நகர்ந்துவிட்டால் தெரியாது.

மகனுடைய உண்மையான கேள்வி காரைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னும் எத்தனை நாள் நீங்கள் ஓட்டுவீர்கள் என்பதுதான் கேள்வி. அவன் நேராகக் கேட்கவில்லை, நானும் நேராகச் சொல்லவில்லை. சட்டப்படி 55 வயதுக்குமேல் உரிமத்தை ஐந்து ஐந்து வருடமாகத்தான் தருகிறார்கள், மருத்துவச் சான்றோடு. என்னுடையது 77 வயது வரை செல்லும். என் சட்டம் அதைவிடக் கடுமையானது: சூரியன் விழுந்தபின் ஓட்டுவதில்லை, மழையில் கொள்ளிடம் பாலம் தாண்டுவதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திக் காபி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அக்காவைப் பார்க்கும் அதே மருத்துவரிடம் என் கண்ணையும் காட்டிக்கொள்கிறேன். பின்சீட்டிலிருந்து மனைவி "இனிமே வேண்டாங்க" என்று ஒரு தடவை சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை சொல்லவில்லை. சென்ற மாதம் சீர்காழி தாண்டியதும் தூங்கிவிட்டாள். காரில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஊசி வரும் வியாழக்கிழமை. புதன் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் காரைக்கால் போய்விடலாம். நாளைக்கு டயரில் காற்றுப் பார்க்க வேண்டும்.